பின்னால் வந்தவரை முன்னால் பார்ப்பது ஏன்?

அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நாங்கள்தானே முதலில் வந்தோம்? எங்களுக்குப் பின்னால் வந்தவரை ஏன் முன்னால் அழைக்கிறீர்கள்?” நியாயமான கேள்வி. அதற்குச் சரியான விடையை ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் நின்று கண்டறிவதே எங்கள் பயிற்சியின் முதல் பாடம்.

இரவிலும் பகலிலும் உங்களை முதலில் சந்திக்கும் இளம் மருத்துவர்களாகிய நாங்கள், எம்.பி.பி.எஸ். முடித்தபின் அவசர மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. பட்ட மேற்படிப்புப் பயில்பவர்கள். இந்தியாவில் இத்துறை தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது 2009-ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்தைய ஆண்டில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியிருந்தது. வழியிலேயே உயிர் பிரிந்திருக்கக்கூடிய பலர் உயிரோடு மருத்துவமனை வாயிலை எட்டினார்கள். அவர்களை ஏற்பதற்கென்றே பயின்ற மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள்.

இங்கே வரிசை வந்த நேரத்தைப் பொறுத்ததன்று. உயிருக்குள்ள ஆபத்தைப் பொறுத்தது. உடனே கவனிக்க வேண்டியவர்க்குச் சிவப்பு, விரைவில் கவனிக்க வேண்டியவர்க்கு மஞ்சள், சற்றுக் காத்திருக்கக்கூடியவர்க்குப் பச்சை என்று பிரிக்கிறோம். பார்வைக்குத் தோன்றுவது வேறு, உண்மை வேறு என்பதைப் பழகப் பழகவே உணர்கிறோம். உரக்க அழும் குழந்தையைவிட, அழவும் வலுவின்றிச் சோர்ந்து கிடக்கும் குழந்தையே எங்களை அஞ்ச வைக்கிறது. கை முறிந்து துடிப்பவரைத் தாண்டி, நெஞ்சு கனக்கிறது என்று தாமே நடந்து வந்தவரை உள்ளே அழைக்கிறோம். வந்த 10 நிமிடங்களுக்குள் அவருக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தாக வேண்டும். முறிந்த கையின் வலி பெரிதுதான். அதை நாங்கள் அறியாமலில்லை.

பிற துறைகளில் நோய் இன்னதென்று கண்ட பிறகே பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும். இங்கே நோயின் பெயர் தெரியுமுன்பே கை இயங்க வேண்டும். மூச்சுவழி திறந்திருக்கிறதா, மூச்சு போதுமா, இரத்த ஓட்டம் சீரா, நினைவு தெளிவா என்று அதே ஒழுங்கில் பார்க்கிறோம். நினைவிழந்து வருபவரின் விரல் நுனியில் ஊசி குத்துவது இரத்தச் சர்க்கரை அளவை அறிய. சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றக்கூடும். குளுக்கோஸ் ஏற்றினால் சில நிமிடங்களில் அவர் கண் விழிக்கவும் கூடும்.

பக்கவாதமென்றால் உங்கள் சொல்லே சிகிச்சையைத் தீர்மானிக்கும். மூளையில் இரத்தக்கசிவு இல்லையென்று சி.டி. ஸ்கேனில் உறுதியானால், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அந்த நேரத்தை நீங்கள் கண்டுபிடித்த கணத்திலிருந்து நாங்கள் எண்ணுவதில்லை. அவர் கடைசியாக நலமாக இருந்த கணத்திலிருந்து எண்ணுகிறோம். காலையில் வாய் கோணியபடி எழுந்தவர், இரவு எத்தனை மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார்? இதை எந்தக் கருவியும் சொல்லாது. உடனிருந்தவர் ஒருவரே சொல்ல முடியும்.

ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்கிறார்களே என்று சலிப்படைகிறீர்கள். பணிமுறை மாறும்போது, புதிதாகப் பொறுப்பேற்பவர் நோயாளியைத் தம் கண்ணாலும் காண வேண்டும். எங்கள் முடிவுகளை மூத்த மருத்துவரும் மீண்டும் சரிபார்க்கிறார். முதல்முறை பதற்றத்தில் மறந்துபோன மாத்திரையின் பெயர் மூன்றாம்முறை நினைவுக்கு வருவதுண்டு.

பாடங்களில் கடினமானது, காப்பாற்ற இயலாதபோது அதைச் சொல்வது. நின்றபடி சொல்லாமல், குடும்பத்தாரோடு அமர்ந்து சொல்லப் பழக்கப்படுகிறோம். “இறந்துவிட்டார்” என்ற சொல்லைத் தவிர்க்கக் கூடாது என்கிறார்கள் எங்கள் ஆசிரியர்கள். சுற்றி வளைத்தால், கேட்பவர் நெஞ்சில் இல்லாத நம்பிக்கை ஒன்று எஞ்சிவிடும். சொன்னபின் பேசாமல் உடனிருக்க வேண்டும். பிறகு கை கழுவிக்கொண்டு, அடுத்த நோயாளியிடம் அந்தச் சுமை ஏதும் முகத்தில் தெரியாமல் செல்ல வேண்டும்.

எங்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி எளியது. உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் கையோடு கொண்டு வாருங்கள். ஒவ்வாத மருந்து உண்டெனில் முதலிலேயே சொல்லுங்கள். நடந்ததை நேரில் கண்டவர் ஒருவர் எங்களருகே இருக்கட்டும். பச்சை நிறத்தில் காத்திருக்கும்போது மூச்சு வாங்கினாலோ, வியர்த்தாலோ, பேச்சுக் குழறினாலோ உங்கள் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள செவிலியரை உடனே அழையுங்கள். நோயாளியின் நிலை மாறினால் வரிசையும் மாறும்.