சாய்வெட்டு இயந்திர வாள்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வயலில் வேலை குறையும் மாதங்களில் தச்சு வேலையால் குடும்பத்தைக் கொண்டு நடத்துவோர் எம்மிடையே உள்ளனர். கதவு நிலை, யன்னல், கூரைச் சட்டம் என்று வேலை வரும்போது, கைவாளை வைத்துவிட்டு இயந்திரம் வாங்குவோமா என்று எண்ணுவது இயல்பே. கடைகளில் ‘சிலைடிங் மைட்டர் சோ’ எனப்படும் சறுக்குச் சாய்வெட்டு வாள் அத்தகைய ஒன்று. கடன்பட்டோ நகை அடகு வைத்தோ வாங்கும் பொருளாகையால், அதன் பயனையும் எல்லையையும் முதலில் அறிந்துகொள்வோம்.

இது என்ன செய்யும்?

மரத்தைக் குறுக்கே வெட்டுவதே இதன் வேலை. மேசையைத் திருப்பினால் மூலைவெட்டு. வாளின் தலையைச் சரித்தால் சாய்வெட்டு. இரண்டையும் ஒரே முறையிலும் வெட்டலாம். 10 அங்குல வாள் தட்டுள்ள சாதாரண இயந்திரம் ஏறக்குறைய 140 மி.மீ. அகலம் வெட்டும். சறுக்குத் தண்டுள்ளது ஏறக்குறைய 300 மி.மீ. வெட்டும், 45 பாகைக்குத் திருப்பினால் அது 210 மி.மீ. அளவுக்குக் குறையும்.

மரத்தை நீளவாட்டில் கிழிக்க இது உதவாது. அதற்கு மர ஆலைக்கோ வேறு வாளுக்கோதான் போகவேண்டும். எமது வேலை பெரும்பாலும் 4 அங்குலச் சட்டங்களே என்றால் சறுக்காத, விலை குறைந்த இயந்திரமே போதும். சட்டத்தின் தடிப்பையும் அது வெட்டுமா என்று அளந்து பாருங்கள்.

கடையிலேயே சோதியுங்கள்

முதலாவது, நேர் வெட்டு. இரு விளிம்பும் சமாந்தரமான, ஓர் அடி அகலப் பலகையைக் குறுக்கே வெட்டுங்கள். ஒரு துண்டை மட்டும் கீழ்ப்புறம் மேலாகப் புரட்டி, நேரான சட்டமொன்றில் இரண்டையும் அணைத்து, வெட்டுமுகங்களைச் சேர்த்துப் பாருங்கள். தெரியும் இடைவெளி உண்மையான பிழையின் இரு மடங்காகும். திருகாணிகளால் சீர்செய்தும் இடைவெளி மறையாவிட்டால் அந்த இயந்திரம் வேண்டாம். நான்கு மூலைச் சட்டமொன்றுக்கு எட்டு வெட்டுகள் தேவை. ஒவ்வொன்றிலும் கால் பாகை பிழைத்தால், கடைசி மூலையில் இரண்டு பாகை வாய் பிளந்து நிற்கும்.

இரண்டாவது, சறுக்குத் தண்டு. தலையை முழுதாக முன்னே இழுத்து, பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். ஆட்டம் இருந்தால் அகல வெட்டு நேராக வராது.

மூன்றாவது, மின்சாரம். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் இயந்திரம் 120 வோல்ற்றுக்குரியது. எமது 230 வோல்ற்றில் நேரே செருகினால் மோட்டர் கருகிவிடும். மின்பிறப்பாக்கியில் ஓட்டுவதாயின், மோட்டர் தொடங்கும்போது வழமையைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். மெல்லிய நீட்டுவயரும் மோட்டரைச் சூடாக்கும்.

நான்காவது, வாள் தட்டு. அதன் நடுத்துளையின் அளவுக்குரிய தட்டு உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பனையும் தென்னையும் பற்களை விரைவில் மழுங்கச் செய்வன. காபைட் பல் வைத்த தட்டே ஏற்றது.

விரல்களைக் காப்போம்

1. தலையை முன்னே இழுத்து, கீழே இறக்கி, பின்னோக்கித் தள்ளி வெட்டவேண்டும். தம்மை நோக்கி இழுத்து வெட்டினால் வாள் மரத்தின் மேல் ஏறிப் பாயும்.

2. கை வாளுக்கு 6 அங்குலத்துக்குக் கிட்டப் போகக்கூடாது. சிறு துண்டைக் கையால் பிடியாமல் பிடிகருவியால் இறுக்குங்கள்.

3. தட்டு முற்றாக நின்ற பின்பே தலையை உயர்த்துங்கள். காப்புமூடியை ஒருபோதும் கட்டிவைக்க வேண்டாம்.

4. 2009 வரை போர் நடந்த இடங்களின் மரங்களுக்குள் இரும்புச் சிதறல்கள் புதைந்திருப்பதுண்டு. உடைந்த வீட்டு மரங்களில் ஆணி இருக்கும். வெட்டுமுன் நன்கு தேடிப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள்.

இறுதியாக, மாதத்தில் எத்தனை நாள் இதற்கு வேலை இருக்கும் என்று வீட்டாரோடு இருந்து எண்ணிப் பாருங்கள். நாலைந்து நாளே என்றால், அயலிலுள்ள தச்சர் சிலர் சேர்ந்து ஒன்றை வாங்கி, முறை வைத்துப் பாவிப்பதே கடன் சுமையைக் குறைக்கும்.