எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு பிறகு காபி குடிக்கலாமா? மலைவாசிகள் கவனத்துக்கு...

ஜமுனாமரத்தூர்:

ஜவ்வாது மலையில் பொழுது விடிந்ததும் கையில் சூடாக ஒரு டம்ளர் இல்லாவிட்டால் வேலை ஓடாது. டீயோ, காபியோ, சுக்கு காபியோ உள்ளே போனால்தான் கொல்லைக்கு கிளம்பவே மனசு வரும். ஆனால் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்து கொண்டு மலைக்கு திரும்புகிறவர்களுக்கு அந்த ஒரு டம்ளரே பெரிய கேள்வியாகி விடுகிறது.

"இதெல்லாம் பெரிய மனுஷங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். நிதின் கட்கரி 2011-லும், அருண் ஜெட்லி 2014-லும் இந்த ஆபரேஷன் செய்து கொண்டபோது அப்படித்தான் பேசினார்கள். இன்று நிலைமை வேறு. நாட்டில் 10 கோடி பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. அதிக எடையோடு கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்தால் சிலருக்கு டாக்டர்களே இந்த ஆபரேஷனை சொல்கிறார்கள்.

வயிறே ஒரு டம்ளர் அளவுதான்

இதில் 2 வகை அதிகம் நடக்கிறது. ஒன்றில் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்து விடுவார்கள். மிஞ்சுவது சுமார் 100 முதல் 150 மில்லி பிடிக்கும் குழாய் போன்ற பை. அதாவது டீக்கடை டம்ளர் அளவு. இன்னொன்று பைபாஸ். இதில் மேல் பக்கம் சுமார் 30 மில்லி பிடிக்கும் சின்ன பையை மட்டும் விட்டு, அதை நேராக சிறுகுடலில் இணைத்து விடுவார்கள்.

இரண்டிலும் வயிற்றுக்குள் பின் அடித்த புண் இருக்கும். காபி வயிற்றில் அமிலத்தை கூட்டும். ஆறாத புண்ணில் அமிலம் பட்டால் எரிச்சல், குமட்டல் வரும். அதோடு, இருக்கிற கொஞ்ச இடத்தையும் காபி பிடித்துக் கொண்டால் தண்ணீரும் புரதச்சத்தும் எங்கே போகும்? தினமும் ஒன்றரை லிட்டராவது மடக்கு மடக்காக குடிக்க வேண்டும். மலைக்குளிரில் தாகமே தெரியாது. உடம்பில் நீர் வற்றி திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நிறைய.

எப்போது குடிக்கலாம்?

ஆயுசுக்கும் காபியை மறக்க வேண்டியதில்லை. 2 வாரம், 1 மாதம், 3 மாதம் என்று ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கணக்கு மாறும். உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னதுதான் கணக்கு. ஆரம்பிக்கும்போது அரை டம்ளர், தண்ணியாக, வெதுவெதுப்பாக, சர்க்கரை போடாமல் குடித்து பார்க்க வேண்டும்.

தலைவலி மாத்திரை உஷார்!

உண்மையான ஆபத்து இங்கேதான். தினம் 4, 5 டம்ளர் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் தலைவலி மண்டையை பிளக்கும். உடனே பெட்டிக்கடையில் கிடைக்கிற வலி மாத்திரையை போட்டுக் கொள்வார்கள். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கும். பைபாஸ் செய்தவருக்கு அந்த இணைப்பிலேயே புண் வந்து ரத்தம் கசியலாம், ஓட்டை கூட விழலாம். எனவே ஆபரேஷனுக்கு 2, 3 வாரம் முன்பே காபியை கொஞ்சம் கொஞ்சமாக குறைத்து விடுவது நல்லது. வலிக்கு எந்த மாத்திரை என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். டம்ளரோடு பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதை அடியோடு விட வேண்டும். புகை, காபியை விட பெரிய எதிரி.

சுக்கு காபி பரவாயில்லையா?

சுக்கு, மல்லி மட்டும் போட்ட சுக்கு காபியில் காபித்தூள் இல்லை. அதனால் கஃபீனும் இல்லை. ஆனால் வெல்லம், கருப்பட்டி போட்டால் சிக்கல். பைபாஸ் செய்தவருக்கு இனிப்பு நேராக குடலில் இறங்கி வியர்வை, படபடப்பு, மயக்கம், பேதி வரும். காரமும் சிலருக்கு ஒத்துக் கொள்ளாது. டாக்டரை கேட்டு, இனிப்பில்லாமல், கொஞ்சமாக குடியுங்கள். டீயிலும் கஃபீன் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் கஃபீன் இருப்பதாக கூறியுள்ளது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமை தாண்டக்கூடாது. சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்றும் சொல்கிறது. காரணம், இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. இது எல்லோருக்கும் பொதுவான கணக்கு. ஆபரேஷன் செய்தவருக்கு ஏற்கனவே சத்து சேர்வது குறைவு என்பதால், இரும்பு மாத்திரையை காபியோடு விழுங்கினால் ரத்தசோகைதான் மிச்சம்.

உடனே கிளம்புங்கள்

தண்ணீர் கூட தங்காமல் வாந்தி, விடாத வயிற்று வலி, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, ரத்த வாந்தி, தார் போல கருப்பாக மலம் போனால் "காலையில் பார்த்துக்கலாம்" என்று இருக்கக்கூடாது. மலைப்பாதை இறங்கி போளூரோ, திருப்பத்தூரோ போய் சேரவே நேரம் ஆகும். உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். சாதாரண சந்தேகங்களை 104-ல் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் காபி பற்றி எதுவும் எழுதவில்லை என்றால், மலை ஏறுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.