ஒரே பக்கம் கொண்ட பட்டை

நீளமான காகிதப் பட்டை ஒன்றை எடுங்கள். ஒரு முனையை அரைச்சுற்று முறுக்கி மறுமுனையோடு ஒட்டுங்கள். இதுதான் மோபியஸ் பட்டை. நடுவில் பென்சிலை வைத்து, கையை எடுக்காமல் கோடு இழுத்துக்கொண்டே போனால், புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள். அதற்குள் முன்னும் பின்னும் கோடு விழுந்திருக்கும். விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், அதுவும் ஒன்றுதான். எந்தச் சிறு துண்டை எடுத்தாலும் இரண்டு பக்கம் உண்டு. முழுச் சுற்றும் போய் வந்தால்தான் அவை ஒன்றே என்பது தெரிகிறது.

1858இல் லைப்சிக் நகர வானியலாளர் ஆகஸ்ட் மோபியஸும், கோட்டிங்கனில் இருந்த யோகான் லிஸ்டிங்கும் தனித்தனியே இதைக் கண்டார்கள். முதலில் அச்சிட்டவர் லிஸ்டிங். பெயர் போனதோ மோபியஸுக்கு. இத்தகைய வடிவங்களை ஆராயும் கணிதத் துறைக்கே 1847இல் 'டோப்பாலஜி' என்று பெயர் சூட்டியவருக்கு இது பெரிய அநியாயம்தான்.

இனி கத்தரிக்கோல். நடுக்கோட்டின் வழியே வெட்டினால் இரண்டு வளையம் கிடைக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கிடைப்பதோ இரு மடங்கு நீளமுள்ள ஒரே வளையம்! காரணம் ஒட்டிய இடத்தில் இருக்கிறது. முறுக்கியதால் மேல்பாதி கீழ்ப்பாதியோடு இணைந்துவிட்டது. மேலே கிளம்பிய பட்டை ஒரு சுற்றில் கீழே வருகிறது. இன்னொரு சுற்றுப் போனால்தான் பழைய இடத்தைச் சேர்கிறது. இந்தப் புது வளையத்துக்குப் பக்கம் இரண்டு.

இன்னொரு பட்டை செய்து, விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அகலம் விட்டு வெட்டுங்கள். நடுப்பங்கு தன்னோடு தானே ஒட்டியிருப்பதால் சிறிய மோபியஸ் பட்டையாகவே நிற்கும். மேல்பங்கும் கீழ்ப்பங்கும் சேர்ந்து நீண்ட வளையமாகி அதனோடு கோத்துக்கொள்ளும். ஏன் என்று யோசித்துவிட்டு வெட்டினால் இன்பம் அதிகம்.

இரண்டு மோபியஸ் பட்டைகளின் விளிம்புகளைச் சேர்த்து ஒட்டினால் வருவது, கணிதவியலாளர் பெலிக்ஸ் கிளைன் 1882இல் விவரித்த கிளைன் குடுவை. அதற்கு உள், வெளி என்ற பேதம் கிடையாது. ஆனால் நம் முப்பரிமாண வெளியில் தன்னைத் தானே துளைக்காமல் அதை அமைக்க முடியாது. கண்ணாடியில் செய்து வைத்திருக்கும் குடுவைகளில் கழுத்து உடலுக்குள் புகுந்து போவது அதனால்தான்.

மீண்டும் மோபியஸ் பட்டைக்கு வருவோம். அது எவ்வளவு குட்டையாக இருக்கலாம்? நீளம், அகலத்தைப் போல √3 மடங்குக்கு, அதாவது ஏறத்தாழ 1.73 மடங்குக்கு மேல் இருந்தாக வேண்டும் என்று 1977இல் கணிதவியலாளர்கள் ஹால்பெர்னும் வீவரும் ஊகித்தார்கள். எளிய கேள்விதான். ஆனாலும் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் அதை நிறுவிக் காட்டியது 2023இல்தான்.