3 மாதம் மறைக்காதீங்க! கர்ப்பிணிகளைத் தாக்கும் ‘பிரஷரை’ முன்கூட்டியே பிடிக்க வழி இருக்கு!

சென்னை,

“மூணு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் யார்கிட்டேயும் மூச்சு விடாதே. கண்ணு பட்டுடும்!”

முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி இது. சொந்தபந்தத்திடம் சொல்லாமல் இருந்தால் நஷ்டம் இல்லை. டாக்டரிடமும் சொல்லாமல் இருந்து விட்டால்தான் ஆபத்து.

கர்ப்ப காலத்து ரத்த கொதிப்பு யாருக்கு வரும் என்று கணிக்கவும், தடுப்பு மாத்திரை தொடங்கவும் ஏற்ற நேரம் அந்த 3-வது மாதம்தான்!

சத்தம் போடாத எமன்

100 கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேரை இந்த நோய் பிடிக்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இதற்குப் பலியாகிறார்கள்.

5-வது மாதத்துக்குப் பிறகுதான் இது தலைகாட்டும். ரத்த அழுத்தம் 140/90-ஐ தொட்டால் உஷார். 4 மணி நேரம் கழித்துப் பார்த்தும் இறங்கவில்லை, சிறுநீரில் புரதச் சத்தும் போகிறது என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். 160/110 வந்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

முற்றினால் வலிப்பு வரும். மூளையில் ரத்தம் கசியும். வயிற்றில் குழந்தையின் வளர்ச்சி நின்றுபோகும்.

வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. “நல்லாத்தானே இருக்கேன்” என்பாள். பிரஷர் கருவி ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

விதை விழுவது எப்போது?

நோய் தெரிவது பிந்தி. அதற்கு விதை விழுவதோ முதல் சில மாதங்களில். குழந்தைக்கு ரத்தம் கொண்டுபோகும் நஞ்சுக்கொடி, கர்ப்பப்பையில் சரியாக வேரூன்றாததுதான் காரணம் என்கிறார்கள் டாக்டர்கள்.

அதனால் 11 வாரம் முதல் 14 வாரத்துக்குள் ரத்த அழுத்தம், கர்ப்பப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றையும் வைத்து ஆபத்தைக் கணிக்கிறார்கள்.

ஸ்கேன் வசதி இல்லாவிட்டாலும் கேள்வி கேட்டே பாதி கண்டுபிடிக்கலாம். முதல் பிரசவமா? முந்தின பிரசவத்தில் பிரஷர் இருந்ததா? அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்ததா? சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உண்டா? இரட்டைக் குழந்தையா? உடல் பருமனா?

தலைவலி மாத்திரை செய்த அதிசயம்

ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் மருந்து விலை உயர்ந்தது அல்ல. பழைய ஆஸ்பிரின்தான்!

2017-ம் ஆண்டு வெளியான ஆய்வில், ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் ஆபத்து அதிகம் உள்ள 1,776 பெண்கள் கலந்து கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை.

நோய் முற்றி 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆனவர்கள், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 1000-க்கு 43 பேர். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 16 பேர்தான்!

ஆனால் 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். “மெதுவா போய்க்கலாம்” என்று இருந்தால் ரயில் போய்விடும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் கடையில் வாங்கிப் போடவும் கூடாது.

தாய் வீட்டுக்குப் போகும்போது...

இன்னொரு கண்டமும் உண்டு. வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீட்டுக்குப் போகிறாள். இந்த ஆஸ்பத்திரியை விட்டாச்சு, அங்கே இன்னும் காட்டவில்லை. நோய் பாயும் சமயமும் அதுதான்.

வளையலோடு பரிசோதனை புத்தகமும் பையில் போக வேண்டும். போன வாரமே அங்குள்ள டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

“கால் வீங்குறது சகஜம்”

கால் வீக்கம் சகஜம்தான். ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கினால் சகஜம் இல்லை. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, பார்வை மங்கல், நெஞ்சுக்குழியில் வலி இவை அபாய அறிகுறிகள். தைலம் தடவிக்கொண்டோ, “வாயு” என்று சோடா குடித்துக்கொண்டோ இருக்கக்கூடாது. 108-க்கு போன் போட வேண்டும்.

வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. வலிப்பு அபாயத்தை இது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 33 நாடுகளில் சுமார் 10 ஆயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-ல் காட்டியது. நேரத்தோடு வந்து சேர்ந்தால்தான் அதுவும் பயன்படும்.

உப்பைக் குறைத்துவிட்டால் நோய் வராது என்று நம்பி இருப்பதும் தப்பு.

செலவு இல்லை

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷரும் சிறுநீரும் இலவசமாகவே பார்க்கிறார்கள். மாதந்தோறும் 9-ந்தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தனி முகாமும் உண்டு. அங்கே தரும் கால்சியம் மாத்திரையை அலமாரியில் தூங்க விடாதீர்கள். கால்சியம் குறைவாக உள்ளவர்களுக்கு அதுவும் ஒரு காப்பு.

குழந்தை பிறந்ததும் கண்டம் கழிந்தது என்று நினைக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம். 6 வாரம் வரை பிரஷர் பார்க்க வேண்டியது அவசியம்.