உருளாத மணல்

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளிலும், தி. நகரிலும், அடையாறிலும் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. வாசலில் கொட்டிக் கிடப்பது பெரும்பாலும் எம்-சாண்ட். ஆற்று மணலில் கைபழகிய மேஸ்திரிகள் சொல்லும் குறை: "கலவை ஓட மாட்டேங்குது." அவர்கள் சொல்வது சரி. மணல் மணியின் உருவம்தான் காரணம்.

பாலாற்று மணல் நெடுங்காலம் நீரில் அடிபட்டு முனை மழுங்கியது. எம்-சாண்ட், குவாரிக் கருங்கல்லை உடைத்து எடுப்பது. உலர்ந்த ஆற்று மணலைக் கொட்டினால் ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரி சரிவில் குவிந்து நிற்கும். முனை கூரான உடைகல் மணலின் குவியல் 40 டிகிரியை நெருங்கும். சரிவு அதற்கு மேல் போனால் மேலே சில மணிகளின் ஆழத்துக்கு ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் ஓடும், அடியில் இருப்பது அசையாது.

மணிகளுக்குள் உராய்வு கூடக் கூட ஓட்டம் தடைப்படும் என்றுதான் நினைப்போம். ஓரளவுக்குத்தான் அது உண்மை. கோள வடிவ மணிகளை ஆய்வாளர்கள் கணினியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். உராய்வே இல்லாத மணிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் நகர வேண்டும். அதனால் 5, 6 டிகிரி சரிவுவரை தாங்கி நிற்கின்றன. உராய்வைக் கூட்டினால் தடை விறுவிறுவென ஏறுகிறது. ஆனால் உராய்வுக் கெழு 0.5-ஐத் தாண்டியபின் அதற்குமேல் அதிகம் ஏறுவதில்லை. வழுக்க முடியாத மணி உருளத் தொடங்கிவிடுகிறது! இந்த இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கூர்முனை மணிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. பக்கத்து மணிகளோடு கொக்கி போட்டதுபோல் மாட்டிக்கொள்ளும். நகர வேண்டுமானால் அவற்றை நெம்பி விலக்க வேண்டும். நெருங்கிக் கிடக்கும் மணிகள் ஓடுமுன் சற்று உப்பியாக வேண்டும் என்று பொறியியல் அறிஞர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885-இலேயே காட்டினார்.

கலவை ஓடவில்லை என்று தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவதைத்தான் தடுத்தாக வேண்டும். அந்த உபரி நீர் வற்றியபின் கான்கிரீட்டில் நுண்துளைகள் மிஞ்சும், வலு குறையும். தண்ணீருக்குப் பதில், கலவையை இளக்கும் அட்மிக்ஸரை அளவறிந்து சேர்க்கலாம். அதைவிட நல்லது, மணலிலேயே கவனம் வைப்பது. கல்லோடு கல்லை வேகமாக மோதவிடும் வி.எஸ்.ஐ. கிரஷரில் முனைகள் உடைந்து, மணிகள் ஓரளவு கனசதுரமாக வரும். 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 தரநிலையில் எம்-சாண்டுக்கும் இடமுண்டு. அதன்படி சோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். லோடு வந்ததும் ஒரு பிடி மணலை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். சில்லுசில்லாகவும் ஊசி ஊசியாகவும் நிறைந்திருந்தால், இறக்குவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடலாம்.