சொல் வராதவருக்கு ஒரு படப் பலகை

திருச்சி–மதுரை நெடுஞ்சாலை விராலிமலை வழியாகப் போகிறது. அந்த வட்டாரத்து ஆவூரில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களை அடையாளம் தெரிகிறது, கண் கலங்குகிறது, ஆனால் காப்பி கேட்க வாயெடுத்தால் 'சாவி' என்று வருகிறது. பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கும் இதே அவதிதான்.

"புத்தி பேதலித்துவிட்டது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். கொடுமையான தவறு அது. 1861-இல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா பார்த்த நோயாளிக்குப் பெரும்பாலும் 'டான்' என்ற ஒலி மட்டுமே வாயில் வந்தது; மற்றவர்கள் பேசியதோ பெருமளவு புரிந்தது. அந்த நோயாளி இறந்தபின் பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதி பழுதாகியிருந்தது. சிலருக்குக் கேட்பதைப் புரிந்துகொள்வதும் சிரமமாகலாம். இரு வகையினருக்கும், தொட்டுக் காட்டப் படங்கள் ஒட்டிய ஒரு பலகை கைகொடுக்கும்.

எந்தப் படம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயது விவசாயியிடம் பந்தும் பொம்மையும் போட்ட குழந்தைகள் சார்ட்டை நீட்டுவது அவமானம். அவருடைய மாட்டுக்கொட்டகை, மனைவி முகம், வழக்கமான டீக்கடை, ஊரிலுள்ள பெரியநாயகி மாதா கோயில் ஆகியவற்றை போனில் எடுத்துப் பிரிண்ட் போடுங்கள். கோயில் வாசலில் பேரப்பிள்ளைகளோடு எடுத்த ஒரே போட்டோவைத் தொட்டுத் தொட்டு அவர் ஒரு கதையே சொல்லிவிடலாம்.

வைக்கும் இடமும் முக்கியம். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் இரு கண்களிலுமே பார்வையின் வலது பாதி போய்விடக்கூடும்; வலது ஓரத்துப் படம் அவருக்குத் தெரியவே தெரியாது. படங்களை இடப்பக்கமாக, மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். வலப்பக்கம் அடிபட்டவர்களில் சிலர் இடப்புறத்தைக் கவனிக்கவே மாட்டார்கள், அவர்களுக்கு வலப்புறம். முதலில் நாலு படம் போதும். பளபளக்கும் லேமினேஷன் கண்ணைக் கூசும். 'இதில் எதுவும் இல்லை' என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், பசியே இல்லாதவருக்கும் இட்லி வந்துகொண்டே இருக்கும்.

படத்தைத் தொட்டால் பேசும் 'அவாஸ்' செயலி சென்னையில் பிறந்தது. இன்வென்ஷன் லேப்ஸ் நிறுவனத்தின் அஜித் நாராயணன் அதை முதலில் உருவாக்கியது பேச முடியாத குழந்தைகளுக்காக. அதில் தமிழும் உண்டு. ஆனால் தொடங்குவதற்கு அட்டையும் பசையும் போதும். படங்களைத் தேர்ந்தெடுக்கப் பேச்சுப் பயிற்சியாளர் உதவுவார்.

பலகையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். "சாப்பிடுறீங்களாப்பா?" என்று கேட்கும்போதே நீங்களும் தட்டுப் படத்தைத் தொடுங்கள். பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.