எலக்ட்ரிக் கிடாருக்கு உங்கள் கம்ப்யூட்டரே ஆம்ப்ளிஃபயர்!

எலக்ட்ரிக் கிடார் வாங்குபவர்களில் பலர் அதனுடன் ஆம்ப்ளிஃபயர் வாங்குவதில்லை. விலை ஒரு காரணம். அடுத்த வீட்டுக்காரர் இன்னொரு காரணம். வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதில் இணைத்து வாசித்தால் என்ன என்று கேட்கின்றனர். தாராளமாக வாசிக்கலாம். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் கேபிளைச் செருகியவுடன் கேட்கும் சத்தத்தை வைத்துக் கிடாரை எடை போட்டுவிடக் கூடாது. தகர டப்பாவைத் தட்டியது போலவும், கொசு ரீங்காரமிடுவது போலவும் வரும் அந்தச் சத்தத்திற்குக் கிடார் பொறுப்பல்ல.

எங்கள் தெருவில் உள்ள ஒரு கல்லூரி மாணவர், சேர்த்து வைத்த பணத்தில் கிடார் வாங்கிய பத்தாவது நாளே என்னிடம் வந்தார். "அண்ணே, கிடாரே சரியில்லை. ஒருத்தர் பாதி விலைக்குக் கேட்கிறார், கொடுத்துடவா?" என்றார். "அவசரப்படாதே தம்பி, முதல்ல எடுத்துட்டு வா" என்றேன். லேப்டாப்பின் மைக் துவாரத்தில் செருகித்தான் அதுவரை வாசித்திருக்கிறார். என் கம்ப்யூட்டரில் இணைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். கிடாரில் ஒரு குறையும் இல்லை. அன்று அவருக்குச் சொன்னவற்றை இங்கு கொஞ்சம் விரிவாகத் தருகிறேன்.

முதலில் கிடாரைத் தெரிந்துகொள்ளுங்கள்

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிடார். ஃபெண்டர் நிறுவனம் 1954ல் வெளியிட்ட மாடல் இது. குறைந்த விலையில் பல நிறுவனங்கள் தரும் கிடார்கள் இதே அமைப்பில் இருப்பதால், உங்களிடம் இருப்பதும் இதுவாக இருக்க வாய்ப்புண்டு. கம்பிகளுக்குக் கீழே மூன்று நீளமான பட்டைகள் தெரிகின்றன அல்லவா? அவைதான் பிக்கப். உள்ளே காந்தம் இருக்கும். அதைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே உள்ள ஸ்டீல் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, செம்புக் கம்பியில் சிறிய மின் சிக்னல் உண்டாகிறது. ஆக, கிடாரிலிருந்து வருவது சத்தம் அல்ல, மின்சாரம். நைலான் கம்பியை மாட்டினால் இந்தக் கிடார் ஊமையாகிவிடும்.

பிக்கப்பைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிலைகள் கொண்ட ஸ்விட்ச் ஒன்று உள்ளது. இதை நன்றாகப் பழகுங்கள். எந்த சாஃப்ட்வேரும் தராத வித்தியாசத்தை இது தரும். கழுத்துப் பக்கம் உள்ள பிக்கப்பில் சத்தம் கனமாக, உருண்டையாக வரும். அந்த இடத்தில் கம்பி அகலமாக அதிர்வதே காரணம். கம்பி முடியும் பிரிட்ஜ் பக்கத்தில் அதிர்வு குறைவு. உயர் அலைவரிசைகளே தூக்கலாகத் தெரியும். எனவே அங்குள்ள பிக்கப் கூர்மையாக, மெலிந்து ஒலிக்கும். இரண்டாவது, நான்காவது நிலைகளில் இரண்டு பிக்கப்கள் சேர்ந்து வேலை செய்யும். மெதுவான பாட்டுகளுக்கு நான் பெரும்பாலும் வைத்திருப்பது நான்காவது நிலையைத்தான்.

மூன்று குமிழ்களில் ஒன்று வால்யூம், மற்ற இரண்டும் டோன். டோன் குமிழ் எதையும் கூட்டாது, குறைக்க மட்டுமே செய்யும். 10ல் இருந்தால் சிக்னல் முழுதாகப் போகும். குறைக்கக் குறைக்க உயர் அலைவரிசை வடிகட்டப்படும். பழைய முறை வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்பிற்கு டோன் குமிழே கிடையாது. அந்த நிலையில் குமிழைத் திருப்பி மாற்றம் தெரியவில்லை என்றால் ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம்.

டியூனிங் பற்றி இரண்டு வரிகள். தடித்த கம்பியிலிருந்து 82.4, 110, 146.8, 196, 246.9, 329.6 ஹெர்ட்ஸ் என்பது வழக்கமான அமைப்பு. மொபைல் போனில் இலவச டியூனர் ஒன்றை இறக்கிக்கொண்டால் எண்களை நினைவில் வைக்கத் தேவையில்லை. புதுக் கம்பிகள் சில நாட்கள் இழுபட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் அடிக்கடி டியூன் செய்ய வேண்டியிருக்கும்.

மைக் துவாரம் வேண்டாம்

கம்ப்யூட்டரின் மைக் துவாரம் ஹெட்செட் மைக்கிற்காக அமைக்கப்பட்டது. கிடார் பிக்கப்பிற்கு அது ஒத்துவராது. பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. அதை வாங்கிக்கொள்ளும் கருவி சுமார் பத்து லட்சம் ஓம் இம்பீடன்ஸ் கொண்டதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் சாதாரண ஆடியோ துவாரங்களில் இது சில ஆயிரம் ஓம் அளவிலேயே இருக்கும். குறுகலான குழாயில் மெதுவாக வரும் தண்ணீரை, அடியில் பெரிய ஓட்டை உள்ள வாளியில் பிடிப்பது போலத்தான். இதில் முதலில் காணாமல் போவது சிக்னலின் உயர் அலைவரிசைப் பகுதி. சத்தத்தின் தெளிவு போய்விடும்.

இதற்குத் தீர்வு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறிய பெட்டி. ஃபோக்கஸ்ரைட், பெரிஞ்சர் போன்ற பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை இசட்' என்று குறிக்கப்பட்ட இன்புட் இருக்க வேண்டும். கிடார் கேபிளின் 6.35 மி.மீ. ஜாக் இதில் நேராக நுழையும். அடாப்டர் தேவையில்லை. புதிதாக வாங்குபவருக்கு விலை உயர்ந்த மாடல் அவசியமில்லை. ஒரு கிடார் இன்புட்டும் ஒரு ஹெட்போன் அவுட்புட்டும் போதும். கிடாருக்கு ஒதுக்கிய தொகையில் கொஞ்சம் குறைத்தாவது இதை வாங்கிவிடுங்கள் என்பதே என் கருத்து.

இணைத்த பின், கிடாரின் வால்யூமை 10ல் வைத்து, நீங்கள் வாசிக்கும் அதிகபட்ச பலத்துடன் ஆறு கம்பிகளையும் அடியுங்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் கெயின் குமிழைக் குறைக்கவும். சாஃப்ட்வேர் மீட்டரில் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபல் வரை எட்டினால் சரி. இங்கே சிக்னல் சிதைந்துவிட்டால் பின்னால் எந்த சாஃப்ட்வேராலும் அதைச் சரி செய்ய முடியாது.

கம்பியைத் தொட்ட பிறகு தாமதமாகக் கேட்கிறதா?

பலரும் மனம் வெறுத்துக் கிடாரை மூலையில் வைப்பது இங்குதான். விரலில் ஒரு நேரம், காதில் ஒரு நேரம். தாளம் தப்புகிறது. வாசிப்பவருக்குத் தன் கையின் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. அந்த மாணவரும், "எனக்குத் தாள ஞானமே இல்லைண்ணே" என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தார். இதற்கு லேட்டன்சி என்று பெயர்.

கம்ப்யூட்டர் சத்தத்தைத் தொடர்ச்சியாகக் கையாள்வதில்லை. ஒரு விநாடியை 44,100 துணுக்குகளாகப் பிரித்து எண்களாக்கி, அவற்றில் ஒரு தொகுதி சேரும் வரை காத்திருந்து, மொத்தமாக எடுத்து வேலை செய்கிறது. அந்தத் தொகுதியின் அளவே பஃபர் சைஸ். 1024 துணுக்குகள் என்றால் 23 மில்லி விநாடி. உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை எனக் குறைந்தது 46 மில்லி விநாடி ஆகிவிடும். 128 என்று வைத்தால் ஒருமுறைக்கு 3 மில்லி விநாடிக்கும் குறைவு. மற்ற சிறு தாமதங்களைச் சேர்த்தாலும் நல்ல இன்டர்ஃபேஸில் மொத்தம் 10 மில்லி விநாடியை ஒட்டி வந்துவிடும். மேடையில் ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவருக்கும், சத்தம் காற்றில் வந்து சேர ஏறக்குறைய 9 மில்லி விநாடி ஆகிறது. அது நமக்கு உறைப்பதே இல்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள், இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனத்தின் இணைய தளத்திலிருந்து அதற்குரிய ஆசியோ டிரைவரை இறக்கி இன்ஸ்டால் செய்திடவும். ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997ல் கொண்டுவந்த முறை இது. விண்டோஸின் வழக்கமான ஆடியோ பாதையைத் தவிர்த்து, சிக்னலைக் குறுக்கு வழியில் கொண்டு செல்கிறது. பின் உங்கள் கிடார் சாஃப்ட்வேரின் ஆடியோ செட்டிங்ஸ் பகுதியில் ஆசியோவைத் தேர்ந்தெடுத்து, பஃபர் சைஸை 128 என அமைக்கவும். வாசிக்கும்போது பட்பட்டென்று வெடிப்புச் சத்தம் வந்தால் உங்கள் ப்ராசசர் திணறுகிறது என்று பொருள். 256க்கு மாற்றுங்கள், திறந்துள்ள மற்ற புரோகிராம்களை மூடுங்கள். மேக் கம்ப்யூட்டரில் இந்த டிரைவர் தேவையில்லை. கோர் ஆடியோ என்ற ஏற்பாடு சிஸ்டத்திலேயே இருக்கிறது.

புளூடூத் ஹெட்போனை இங்கே பயன்படுத்த வேண்டாம். மற்றவற்றை எவ்வளவு சரியாக அமைத்தாலும் அது தனியாக நூறு மில்லி விநாடிக்கு மேல் தாமதப்படுத்தக்கூடும். வயர் உள்ள ஹெட்போனை இன்டர்ஃபேஸிலேயே செருகவும். அந்தப் பெட்டியில் 'டைரக்ட் மானிட்டர்' என்ற ஸ்விட்ச் இருந்தால் ஆஃப் செய்யவும். அது ஆன் ஆகி இருந்தால், பதப்படுத்தாத கிடார் சத்தமும் சாஃப்ட்வேர் வழியாக வரும் சத்தமும் சேர்ந்து இரட்டையாகக் கேட்கும்.

இனி டோன் தேடலாம்

கிடார் ஆம்ப்ளிஃபயராகச் செயல்படும் சாஃப்ட்வேர்கள் நிறைய உள்ளன. மேக் வைத்திருப்பவர்களுக்கு இலவசமான கராஜ்பேண்டிலேயே வசதி உண்டு. விண்டோஸில் நான் பயன்படுத்துவது நியூரல் ஆம்ப் மாடலர். இதுவும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். உண்மையான ஆம்ப்ளிஃபயர் எப்படி ஒலிக்கிறது என்பதைக் கற்றுக்கொண்ட மாடல் ஃபைலை இதில் ஏற்ற வேண்டும்.

அந்தக் கொசுச் சத்தத்தின் மர்மம் இங்கேதான் இருக்கிறது. கிடார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் சாதாரண ஸ்பீக்கர் அல்ல. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெருமளவு விழுங்கிவிடும். நம் ஹெட்போனோ எல்லாவற்றையும் அப்படியே ஒலிக்கும். எனவே ஆம்ப் மாடலை மட்டும் ஏற்றிவிட்டு ஸ்பீக்கர் பெட்டியின் வேலையைச் செய்யும் ஃபைலை விட்டுவிட்டால், கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்தவுடன் காதைக் குத்தும். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற சிறிய ஆடியோ ஃபைலே அந்தப் பெட்டி. அதையும் ஏற்றுங்கள். சில மாடல்களில் பெட்டியும் சேர்ந்தே இருக்கும். அவற்றுடன் இன்னொன்றைச் சேர்த்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் மங்கிவிடும்.

இப்போது பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். எக்கோ, ரிவெர்ப் எதுவும் வேண்டாம். ஒரே கார்டை ஐந்து பிக்கப் நிலைகளிலும் வாசித்துக் கேளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் இரு எல்லைகளுக்கும் திருப்பிப் பாருங்கள். புதியவர்கள் மிடிலை அடியோடு குறைத்து, பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றுவார்கள். தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். ஒரு பாட்டுடன் சேர்ந்து வாசித்தால் கிடார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மனிதக் காது கிடாரை அடையாளம் காணும் பகுதி அந்த மிடில்தான்.

கெயின் விஷயத்தில் கஞ்சத்தனமாக இருங்கள். அதிக டிஸ்டார்ஷன் விரல் தவறுகளை மூடி மறைப்பதால் பழகுவதற்கு நல்லதல்ல. சாஃப்ட்வேரில் லேசாகக் கரகரக்கும் அளவுக்கு கெயினை வைத்துவிட்டு, கிடாரின் வால்யூமை 10லிருந்து 6க்குக் குறைத்துப் பாருங்கள். கரகரப்பு விலகித் தெளிவாகிவிடும். மௌஸைத் தொடாமலேயே இரண்டு டோன்கள் கிடைத்துவிட்டன.

இரைச்சல் வந்தால்

ஒற்றைச் சுருள் பிக்கப்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். இதைத் தவிர்க்கவே 1955ல் கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரை உருவாக்கினார். நம்மிடம் அது இல்லை என்றால் சார்ஜர், மானிட்டர் ஆகியவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளித் திரும்பி உட்கார்ந்தாலே இரைச்சல் குறையும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்கி, கையை எடுத்தால் கூடுகிறதா? அது இயல்பானது.

ஆனால் கம்பியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று உணர்ந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கிடாரின் கம்பிகள் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரின் உலோகப் பகுதியுடன் இணைந்துள்ளன. சுவரில் மூன்று துளை சாக்கெட் இருப்பதாலேயே அதில் எர்த் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பல பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்கு வயரே வந்திருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்த பிறகு வாசியுங்கள்.

டோன் பிடித்துவிட்டால் பிரிசெட்டாக சேவ் செய்திடவும். கிடாரில் உள்ள ஸ்விட்ச் நிலையும் குமிழ்களின் எண்களும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்பதால் அவற்றை ஃபைல் பெயரிலேயே எழுதி வைப்பது என் வழக்கம். 'நான்காவது நிலை, வால்யூம் 7, டோன் 5' என்ற பெயரில் இருக்கும் ஃபைலை அடுத்த வாரம் திறந்தால் அதே சத்தம் கிடைக்கும். பிரிசெட் மாற்றும்போது சத்தம் திடீரென எகிறலாம். எனவே ஹெட்போனைக் கழற்றிவிட்டு மாற்றவும்.